காதுப் படகு

இது செட்டின் இரைச்சல் இல்லை. என் விளக்கின் இரைச்சல்.

அர்ச்சனா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் ஏற்றி வைத்திருந்த அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா துளசிங்கத்தின் ஃபைபர் படகில், குவித்துப் போட்ட வலையின் மேல் உட்கார்ந்திருந்தாள். படகின் முன்பக்கம் ஒரு மூங்கில் கழியில் விளக்கு தொங்கியது. காலை வெயிலில் அதன் வெளிச்சம் தெரியவே இல்லை. பேட்டரியில் சார்ஜ் நிற்கிறதா என்று பார்க்க நைனா அதைப் போட்டிருந்தார். போட்ட உடனே, பலகைக்கு அடியில் செருகியிருந்த வயர்லெஸ் செட் ஈர விறகு மாதிரிச் சீறத் தொடங்கியது.

மற்றவர்களுக்கு அது வெறும் சீறல். அவளுக்கு அது பழகிய குரல். அந்த விளக்குக்குள் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் சின்னச் சர்க்யூட்டை வரைந்தவளே அவள்தான். பொன்னேரி சாலையில் இருக்கும் பிராங்க்ளினின் பட்டறையில் படகு விளக்குகள் தயாராகின்றன. அந்தப் பட்டறையின் ஒரே எஞ்சினியர் அர்ச்சனா. ஒரு பொருளை வெளிநாட்டுக்கு விற்க வேண்டுமென்றால் அது யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது என்பதோடு இன்னொரு விதியும் உண்டு. பக்கத்தில் இருக்கும் கருவிகளை அது தொந்தரவு செய்யக் கூடாது. எல்லா மின்கருவியும் கொஞ்சம் முணுமுணுக்கும். எவ்வளவு முணுமுணுக்கலாம் என்பதற்கு ஒரு கோடு இருக்கிறது. அவளுடைய விளக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கிப்போய்ப் பாஸானது.

பிறகு ஏன் சீறுகிறது?

எழுந்து போய் விளக்கிலிருந்து இறங்கும் வயரைத் தடவிப் பார்த்தாள். கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புக் கட்டி அங்கே இருந்திருக்க வேண்டும். உள்ளே ஃபெரைட் வளையம் வைத்த கட்டி. வயர் வழியாக வெளியே கசியும் இரைச்சலை விழுங்குவது அதுதான். இப்போது அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

"நைனா, இங்க ஒரு கட்டி இருந்துச்சே?"

"அத்தயா? அறுத்துப் போட்டேன்." துளசிங்கம் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கால் கட்டைவிரலில் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். "கண்ணி கண்ணியா அதும்மேல வந்து மாட்டிக்குது மா. நண்டு வலைய இஸ்துகினு இருக்கும்போது மாட்டிச்சின்னு வெய்யி, வலையும் கிழியும், விளக்கும் தண்ணிக்குள்ள பூடும். கத்தில ஒரே இழு."

"எப்போ?"

"வாங்கின மறுநாளே."

"நைனா!"

"இன்னா நைனா? விளக்கு ஷோக்கா கீது. அந்தக் கட்டிதான் வேஸ்ட்டு. பேக்டரில எவனோ அழகுக்கு வெச்சிகிறான்னு நென்ச்சேன்."

அந்த எவனோ தான்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் கண் கலங்கியிருப்பாள்.

பக்கத்துப் படகில் இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்த வேதாசலம் எட்டிப் பார்த்தார். அவளுக்கு மாமா முறை. "இன்னா எஞ்சினியரம்மா, நைனாவ மெரட்டுற? என் போட்டுலயும் கட்டி கெடையாது. இந்தக் கரைல எந்த போட்டுலயும் கெடையாது. வோணும்னா நட்ந்து பாத்துட்டு வா."

"அப்ப செட்டு இப்பிடிக் கத்துதே மாமா, யாரும் கேக்கலயா?"

"விளக்கு எரிஞ்சா செட்டு கத்தும். செட்டு பேசணும்னா விளக்க அணைக்கணும். இது இன்னா புதுசா? மாமியா வந்தா மருமவ எந்திரிச்சி உள்ள போறா இல்ல, அந்த மாதிரி."

"அப்ப கடல்ல யாராவது கூப்புட்டா?"

"அதுக்குத்தான் காது போட்டு கீதே" என்றார் துளசிங்கம்.

காதுப் படகு என்ற அந்தச் சொல்லை அர்ச்சனா கேட்டதில்லை. படிக்கவும் பிறகு வேலைக்கும் என்று குப்பத்தை விட்டு அவள் போயிருந்த காலத்தில் முளைத்த சொல். நைனா விளக்கிச் சொன்னார். நாலைந்து படகு சேர்ந்து போகும்போது அவற்றில் ஒன்று விளக்கு போடாது. இருட்டில் நின்றபடி செட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். காற்று எச்சரிக்கை வந்தாலோ, யாராவது உதவி கேட்டாலோ, டார்ச்சைச் சுழற்றி மற்றப் படகுகளுக்குத் தெரிவிக்கும். இருட்டில் நிற்பவன் வலை போட முடியாது. அதனால் மற்றவர்கள் தங்கள் மீனில் அவனுக்குப் பங்கு கொடுத்துவிடுவார்கள். முறை வைத்து எல்லோரும் காதாக இருப்பார்கள். குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வது போலத்தான் இதுவும். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. தானாக வந்தது.

நைனாவின் குரலில் பெருமை இருந்தது. அர்ச்சனாவுக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு குறை வந்தால் அதைச் சுற்றி ஒரு ஒழுங்கை இவர்கள் எவ்வளவு அமைதியாகக் கட்டிவிடுகிறார்கள். மறுகணம் அந்தப் பெருமை போய்விட்டது. இவர்கள் சுற்றிக் கட்டியது கடலின் குறையை அல்ல. என் குறையை.

சோதனைக்கூடம் நினைவுக்கு வந்தது. சென்னையில் இருந்த அந்த அறையின் சுவர் முழுக்க நீல நிறக் கூம்புகள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் செல்போன் சிக்னல்கூட வராது. அப்படி ஒரு நிசப்தத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை. நடுவில் சுழலும் மேஜை. மேஜையின் மேல் அவளுடைய விளக்கு. அறைக்கு வெளியே ஒரு திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கி, ஓர் இடத்தில் சிவப்புக் கோட்டைத் தாண்டிக்கொண்டு நின்றது. ஆபத்தில் கடல்காரர்கள் உதவி கேட்கும் பதினாறாம் சேனல் இருப்பதும் அந்த இடத்தில்தான். அங்கிருந்த டெக்னீஷியன் இழுப்பறையிலிருந்து ஒரு ஃபெரைட் கட்டியை எடுத்து வயரில் மாட்டினார். பச்சைக் கோடு சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரிப் படுத்துக்கொண்டது. ஷாக், உப்புநீர், சூடு எல்லாவற்றிலும் அதற்கு முன்பே தேறியிருந்தாள். அன்று சாயங்காலம் மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தபோதுகூடக் கால் வலிக்கவில்லை.

மேஜை சுழன்றது. வலை சுழலவில்லை. அந்த அறையில் வலையே இல்லை. நண்டு வலைக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு, அந்தக் கட்டி எந்தக் கண்ணியில் போய் மாட்டும் என்று ஏன் தோன்றவில்லை? தன்னையே அவள் கேட்டுக்கொண்டாள். பதில் சுலபமாகவே கிடைத்தது. அந்த அறைக்குள் நுழைந்தபோது குப்பத்தைக் கதவுக்கு வெளியிலேயே விட்டுவிட வேண்டும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். விடாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல எஞ்சினியராக இருந்திருப்பாள். இது அவளை வருத்தவில்லை. சரியான இடத்தில் விரல் வைத்த நிம்மதிதான் வந்தது.

"போன மாசம் பனில உன் நைனா காதா இருந்தாரு பாரு, அத்தக் கேளு" என்றார் வேதாசலம்.

"உடுறா டேய்."

"சொல்லட்டுமே. காத்து ஏறப்போவுது, எல்லாரும் கரைக்குப் போங்கன்னு செட்டுல சொல்லிட்டான். இவரு டார்ச்சு அடிச்சாரு. பனில எவனுக்குத் தெரியும்? விசில் ஊதினாரு. உதடு பன்னு மாதிரி வீங்கினதுதான் மிச்சம். அப்பறம் இஞ்சினப் போட்டுகினு ஒவ்வொரு போட்டா தேடிக்கினு வந்தாரு."

"கடைசியா இவனத்தான் மா கண்டுபுடிச்சேன். அதுக்குள்ள அலை ஏறிப்போச்சு. இவன் பாட்டுக்கு விளக்கப் போட்டுகினு பாட்டு பாடிகினு வலை இஸ்துகினு கீறான்."

"நான் நல்லாத்தான் இருந்தேன். நீதான் பேஜாராயி கத்தின."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அர்ச்சனா அதைப் பார்த்தாள்.

பையைத் திறந்தாள். மாதிரிக்கு வைத்திருந்த கட்டி ஒன்று அடியில் கிடந்தது. அதை நைனாவின் வயரில் கவ்வ வைத்தாள். சீறல் இறங்கியது. வேதாசலம் தன் படகிலிருந்த செட்டை எடுத்து, "அர்ச்சனா, கல்யாணம் எப்ப?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நைனாவின் செட்டில் பளிச்சென்று வந்து விழுந்தது. துளசிங்கம் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"அட. ரெண்டும் ஒண்ணா வேலை செய்யுதே."

"ஆமா நைனா. அதுக்குத்தான் அந்தக் கட்டி."

அவர் கட்டியை உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ சொல்றது சரிதான் மா. ஆனா வலை மாட்டுமே."

"மாட்டும். அதுவும் சரிதான். வெச்ச எடம் தப்பு."

அவள் விளக்கைக் கழியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வயர் உள்ளே நுழையும் இடத்தில் தண்ணீர் புகாமல் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதற்குப் பின்னால் கட்டைவிரல் நுனி அளவுக்குக் காலி இடம் உண்டு. இரைச்சலை வயருக்கு வந்த பிறகு பிடிக்காமல், வாசலிலேயே பிடித்துவிட்டால்? ஒரு சின்னச் சுருள், இரண்டு கெபாசிட்டர். போர்டைக் கொஞ்சம் மாற்றி வரைய வேண்டும். மறுபடி அந்த நீலக் கூம்பு அறைக்குப் போக வேண்டும். முடியும். முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது, நம்பிக்கையாக அல்ல, கணக்காக.

அந்த நேரத்தில்தான் பிராங்க்ளினின் பைக் மணலில் திணறிக்கொண்டு வந்து நின்றது. அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக முன்பே சொல்லியிருந்தார். காட்டூர்க்காரர். மாதா கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். போர்ச்சுகலில் ஒருவர் விளக்குகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மீனவர்கள் பயன்படுத்துவதை வீடியோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

"துளசிங்கம் அண்ணே, விளக்கு எப்பிடி?"

"விளக்கு சூப்பர் சார். கட்டியதான் அறுத்துட்டோம்."

அர்ச்சனா அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அறுத்துட்டீங்களா? எல்லாருமா?" செல்போனை எடுத்தார். "அண்ணே, அத்தயே கேமராவப் பாத்துச் சொல்லுங்க."

வீடியோ எடுத்து முடித்ததும் அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் எப்போதும் நல்ல செய்தியைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். "அர்ச்சனா, அங்க இருக்கறவனும் இதத்தான் கேட்டான். சாம்பிளப் பாத்துட்டு, வயர்ல இருக்குற கட்டி வலையில மாட்டும், எடுத்துருங்கன்னு மெயில் போட்டிருக்கான். உங்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். கட்டி இல்லாத வயர் வந்து எறங்கிருச்சு. நேத்து நீ லீவுல இருந்தப்பவே ஜாக்குலின் பாதி லோடு மாட்டி முடிச்சிட்டா. வெள்ளிக்கிழமை கப்பல்."

"கட்டி இல்லாம டெஸ்ட் பண்ணலயே சார்."

"புதுசா எதுக்கு? பழைய ரிப்போர்ட் இருக்கு. அதே விளக்கு, அதே போர்டு. ஒரு கட்டி கொறையுது, அவ்ளோதான்."

"அந்த ஒரு கட்டியாலதான் சார் பாஸாச்சு."

பிராங்க்ளின் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. டெக்ஸ்டைல் கடை வேலையைவிட்டு வந்த அவளுடைய விண்ணப்பத்தை, அனுபவம் இல்லை என்று நாலு கம்பெனிகள் திருப்பி அனுப்பியபோது, எடுத்துக்கொண்டவர் அவர். அவளை அந்தச் சோதனை அறைக்கு முதலில் அழைத்துப் போனவரும் அவர்தான். அவள் மாமாவிடம் திரும்பினாள்.

"மாமா, இப்ப செட்டுல எதாவது பேசுங்களேன்." கட்டியை வயரிலிருந்து எடுத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

வேதாசலம் தன் படகிலிருந்து ஏதோ பேசினார். அவருடைய வாய் அசைவது இங்கிருந்தே தெரிந்தது. செட்டில் சீறல் மட்டும் வந்தது.

"சரி, சத்தம் வருது" என்றார் பிராங்க்ளின். "ஆனா இவங்க ஓட்டிகினுதான இருக்காங்க? எப்பிடிண்ணே சமாளிக்கிறீங்க?"

துளசிங்கம் காதுப் படகைப் பற்றிச் சொன்னார். பிராங்க்ளின் வியந்துபோனார். "பாத்தியா அர்ச்சனா? நம்ம ஆளுங்க எப்பிடி ஒரு சிஸ்டம் வெச்சிருக்காங்க!"

போர்ச்சுகலில் ஒரு மனிதர் தனியாகக் கடலுக்குப் போவார் என்று அவள் நினைத்தாள். அவருக்கு எந்த முகமும் இல்லை. ஆனால் கை இருந்தது. விளக்கைப் போடும் கை. அவரைச் சுற்றி நாலு படகு இருக்காது. அவருக்காக இருட்டில் காத்திருக்கும் காது இருக்காது. விளக்கைப் போட்டதும் அவருடைய செட் சீறும். செட் கெட்டுப்போய்விட்டது என்று அதை அணைத்துவிடுவார். நைனாவும் முதலில் அப்படித்தானே நினைத்திருப்பார்.

பிறகு அவள் தன்னைத்தான் பார்த்தாள். பயம் இருக்கிறதா என்று தேடினாள். வேலை போகலாம் என்பது தெரிந்தது. ஆனால் தெரிவதும் பயப்படுவதும் வேறு வேறு என்று அந்தக் கரையில் அவளுக்குப் புரிந்தது. இது வீம்பா என்றும் கேட்டுக்கொண்டாள். நான் வரைந்த பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அகந்தையா? கொஞ்சம் இருக்கலாம். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோதும் அடியில் ஒன்று மிச்சம் இருந்தது. பனியில் விசில் ஊதிக்கொண்டு ஒவ்வொரு படகாகத் தேடிப் போன ஒரு மனிதர்.

"சார், கட்டி வேணாம். நானும் ஒத்துக்கறேன். ஃபில்டர விளக்குக்குள்ளயே வெச்சிரலாம். எடம் இருக்கு, இதோ பாருங்க. வலை மாட்டாது, செட்டும் கத்தாது. ஒரு மாசம் குடுங்க. திரும்ப டெஸ்ட் எடுத்துருவேன்."

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கும் தொழில் தெரியும். கண்ணில் ஒரு ஒளி வந்து போனது. "நல்ல ஐடியா. அடுத்த லோடுக்குப் பண்ணுவோம்."

"இந்த லோடுக்கு?"

"ஒரு மாசத்துல அவன் வேற ஆளப் பாத்துப் போயிருவான் அர்ச்சனா. ஆர்டர் போச்சுன்னா ஜாக்குலினுக்கும் மத்த பொண்ணுங்களுக்கும் நான் என்ன வேலை குடுப்பேன்? காட்டூர்ல அவங்க வீட்டுல போய் நீ சொல்லுவியா?"

அந்தக் கேள்வி தைத்தது. தைக்க வேண்டும் என்றுதான் அவரும் கேட்டார். ஜாக்குலின் மதிய நேரத்தில் தன் டப்பாவிலிருந்து அவளுக்கு முதல் கவளம் தருபவள். "சொல்லுவேன் சார்" என்றாள். "வாங்கறவர்கிட்டயும் நானே பேசறேன். செட்டு சீறுறத வீடியோ எடுத்து அனுப்புவோம். உள்ள வெச்ச டிசைனயும் அனுப்புவோம். அவரும் கடல்காரங்களுக்கு விக்கறவருதான். புரியும்."

"புரியலன்னா?"

"அப்ப நஷ்டம்தான்."

பிராங்க்ளின் பைக் பக்கம் நடந்தார். பைக்கிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து படகின் விளிம்பில் விரித்தார். காற்றில் பறக்காமல் இருக்க மேலே கையை வைத்துக்கொண்டார். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு மின்பொருளோடும் தயாரித்தவர் தரவேண்டிய உறுதிமொழி அது. இந்தப் பொருள் பாதுகாப்பானது, பிற கருவிகளுக்கு இடையூறு செய்யாது, இதற்கு நாங்கள் பொறுப்பு. கீழே கம்பெனிக்காகக் கையெழுத்திடுபவர் என்று அவள் பெயர் அச்சாகியிருந்தது. சென்ற முறை அந்தப் பெயரைப் பார்த்தபோது போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள்.

"டெக்னிக்கலா நீதான் போடணும். பின்னால எதாவதுன்னா நான் பாத்துக்கறேன். உன்மேல வராது." பேனாவை நீட்டினார்.

பின்னால் எதாவது என்றால் அது அவள் மேலும் வராது, அவர் மேலும் வராது. யார் மேல் வரும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

துளசிங்கம் மகளையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வந்து, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். "சார் இவ்ளோ தூரம் வந்துகிறாரு. போட்டுக் குடு மா. கட்டி இல்லாத விளக்குன்னா எங்களுக்கும் நல்லதுதான். காது போட்டு கீது, நாங்க பாத்துக்குவோம்."

நைனா அவளிடம் எதையும் கேட்டுப் பழகியவர் இல்லை. படிக்க அனுப்பியபோதும், தனியாக ஊரில் தங்கியபோதும், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டபோதும் கேட்காதவர், இப்போது ஒன்று கேட்டார். அவர் கேட்டதன் பாரம் தோளில் இறங்குவதை அவள் உணர்ந்தாள். இறங்கட்டும் என்று விட்டாள். அது அவளைச் சாய்க்கவில்லை.

"நீங்க பாத்துக்குவீங்க நைனா. தெரியும்."

பிராங்க்ளின் நீட்டியிருந்த பேனாவை வாங்கி, மூடியைத் திருகி மூடினாள். ஃபைலை மடித்தாள். காற்று பிரித்துவிடாதபடி ரப்பர் பேண்டையும் போட்டாள். இரண்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். மரியாதையாக, இரண்டு கையாலும்.

"இதுல நான் கையெழுத்து போடல சார்" என்றாள்.